பத்மினி கார் வேலை பாதியில நிக்குது, வீட்ல சீலிங் பேந்து விழுந்துடுச்சு. வண்டிய கொடுத்துடலாமா, நிறுத்தி வைக்கலாமா?

கோவை_பத்மினி87

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

எங்க அப்பா 1987-ல புதுசா எடுத்த பிரீமியர் பத்மினி. நான் சைக்கிள் பழகறதுக்கு முன்னாடியே அந்த ஸ்டியரிங் கியர்ல கை வச்சு விளையாடினவன். 2022 மார்ச்ல ஆர்டிஓ-ல வண்டிய காட்டி ஆர்.சி. புதுப்பிச்சோம், அடுத்த மாசமே ஹெட் கேஸ்கெட் போய் ஷெட்ல நின்னுருச்சு. அப்பாவுக்கு இப்ப 76. போன வருஷம் பொங்கல் முடிஞ்சதும் நானே ஆரம்பிச்சேன். இன்ஜின் சிலிண்டர கடைஞ்சு பெருசாக்கி (போர் பண்ணி) பிஸ்டன் மாத்தறது, ஃப்ளோர் ரெண்டு பக்கமும் புது தகடு, டிங்கரிங் பெயிண்டிங், கடைசியா சீட்டும் வயரிங்கும். மூணேகால் லட்சம் தனியா ஒரு அக்கவுண்ட்ல போட்டு வச்சேன். வர்ற தை மாசம் அப்பாவை முன் சீட்ல உக்கார வச்சு பழனி போகணும், வண்டி எடுத்தன்னிக்கு முதல்ல போனது அங்கதான்.

மே மாசம் வீட்டு போர்வெல் மோட்டார் எரிஞ்சுது. 620 அடி, மோட்டார் தூக்கற வண்டி வரவச்சு மேல எடுத்தா பைப்பு நாலு லென்த் ஓட்டை, கேபிளும் உரிஞ்சு கிடக்கு. மோட்டார் பைப்பு கேபிள் கூலி எல்லாம் சேர்த்து 78,000, அந்த நேரத்துல கையில இருந்தது வண்டி அக்கவுண்ட் மட்டும்தான். சரி தண்ணி இல்லாம இருக்க முடியாது, அதுக்கு நான் வருத்தப்படல.

ஆகஸ்ட் கடைசில ஒரு மதியம் பாப்பா ரூம்ல சீலிங் பேந்து விழுந்துடுச்சு. பாப்பா ஸ்கூல்ல இருந்தா. தலகாணி மேல ரெண்டு கை அகலத்துக்கு ஒரு துண்டு கிடந்துச்சு, அத பாத்ததுல இருந்து எனக்கு சரியா தூக்கம் இல்லைங்க. மேஸ்திரி வந்து கம்பியால தட்டி பாத்தார், ஜன்னல் பக்கம் டங்குனு கேக்குது, நடு ரூம்ல பொத்து பொத்துனு கேக்குது. பத்மினி ஃப்ளோர டிங்கர் அண்ணன் சுத்தியல் காம்பால தட்டினப்பவும் இதே சத்தம்தான், நல்ல இடத்துல ஒரு மாதிரி, அரிச்ச இடத்துல வேற மாதிரி. விழுந்த துண்ட கையில எடுத்தா கம்பி இருந்த பள்ளத்துல துரு ஏடு ஏடா உரிஞ்சு வருது. மொட்டமாடியும் சேர்த்து 1,10,000 ஆகும்னு சொல்லிட்டார். அக்கவுண்ட்ல இருக்கறதே 1,07,000.

வண்டி நிலைமை இது. இன்ஜின் பிளாக் லேத்துல முதல் ஓவர்சைஸ், அதாவது ஒரு சைஸ் பெருசா, போர் பண்ணி வீட்டுக்கு வந்துருச்சு, இன்னும் அசெம்பிள் பண்ணல. டிரைவர் பக்க ஃப்ளோர் வெட்டி எடுத்தாச்சு, இன்னொரு பக்கம் அப்படியே இருக்கு. கூரையும் ரெண்டு கதவும் பெயிண்ட் உரிச்சு வெறும் தகடா நிக்குது. தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் மொத்தமா 45,000 தர்றேன்ங்கறார். வீட்ல அவங்க, விக்க வேண்டாம், ஆனா ரூம் முடியற வரைக்கும் இதுல ஒரு ரூபா போடக் கூடாதுன்னு சொல்றாங்க, அதுல தப்பே இல்ல. ஐப்பசி மழை வேற நெருங்கிட்டே இருக்கு. விக்கறதா, அப்படியே மூடி வைக்கறதா, மூடி வச்சா எப்படி வைக்கறது? இந்த நிலைமைய தாண்டி வந்தவங்க சொல்லுங்க.

திருச்சி_பட்டறை

தம்பி முதல்ல பாப்பாவை அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

நான் 26 வருஷமா டிங்கரிங் பண்றேன். பாதியில நின்ன வண்டிங்க செத்து போறது பணம் இல்லாததால இல்ல, தப்பான இடத்துல நின்னதால. வெறும் தகடோட ஒரு மழைக்காலம் ஷெட்ல நின்னா நீங்க இதுவரைக்கும் கொடுத்த கூலி பூரா துருவா போயிடும், மழை நேரா படணும்னு அவசியமே இல்ல, காத்துல இருக்கற ஈரமே போதும். அதனால வண்டிக்கு ஒரு ரூபா கூட இல்லன்னு இருக்காதீங்க, ஒரு சின்ன தொகைய எடுத்து இந்த ஒரு வேலைய மட்டும் பண்ணிடுங்க. எபாக்ஸி பிரைமர், ஹார்டனர் கலந்து அடிக்கறது. கடையில பிரைமர்னு பொதுவா கேட்டா மேடு பள்ளம் நிரப்பற சர்ஃபேஸர எடுத்து குடுத்துடுவாங்க, அது தண்ணிய குடிக்கற சரக்கு, மேல பெயிண்ட் இல்லாம விட்டா உள்ளுக்குள்ளயே துரு ஓடும், வெளிய தெரியவே தெரியாது. எபாக்ஸிதான் ஈரத்த உள்ள விடாது. 80 நம்பர் பேப்பர்ல நல்லா தேச்சு, தின்னர் துணில துடைச்சு, கை படாம ரெண்டு கோட் அடிங்க, மாஸ்க் போட்டுக்கோங்க. அடுத்த வருஷம் பட்டி வைக்கறப்ப மேலாப்புல ஒரு தேய் தேய்ச்சுட்டு வேலைய ஆரம்பிக்கலாம்.

அடுத்தது முக்கியம். பத்மினிக்கு அம்பாசிடர் மாதிரிதான், தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ். ஒரு பக்க ஃப்ளோர் இல்லாம டயர்ல நின்னா நாளாக நாளாக பாடி இறங்கி கதவு சேராம போயிடும். கதவு வாசல்ல குறுக்க இரும்பு ஆங்கிள் ஒண்ணு டேக் அடிச்சு (அங்கங்க புள்ளி வெல்டிங் வச்சு) விடுங்க. நாலு ஸ்டாண்ட் போட்டு சமமா தூக்கி வைங்க, செங்கல் மேல மட்டும் வைக்காதீங்க, ஒடஞ்சா ஆள் கீழ இருந்தா அவ்ளோதான். இன்னொரு பக்கத்த இப்போதைக்கு தொடவே தொடாதீங்க.

போர் பண்ண பிளாக் நாலே நாள்ல சிவந்துடும். இன்னிக்கு ராத்திரியே நாலு சிலிண்டர்லயும் இன்ஜின் ஆயில் தாராளமா தடவுங்க.

அண்ணாநகர்_ரெஸ்டோ

ப்ரோ கோவிச்சுக்காதீங்க, நான் கொடுத்துடுங்கன்னுதான் சொல்லுவேன். நானும் ஒரு ஃபியட் வச்சிருந்தேன், அம்மா ஆபரேஷன் நேரத்துல வித்தேன், அதுக்கு அப்புறம் ராத்திரி கணக்கு போடாம தூங்கினேன். ஷெட்ல அது நிக்கறத தினமும் காலைல பாக்கறதே ஒரு பாரம். 45,000 உங்களுக்கு கம்மியா தெரியலாம், ஆனா அது மேஸ்திரிக்கு கொடுக்க வேண்டியதுல பாதிக்கு கிட்ட வந்துடுது.

பழைய_அம்பாசிடர்

அண்ணாநகர் சகோ சொல்றது அவர் நிலைமைக்கு சரி, நான் அத மறுக்கல. ஆனா கழட்டி போட்ட வண்டிக்கு எப்பவுமே அடிமாட்டு விலைதான் கேப்பாங்க, புரோக்கர் வாங்கறது ஓட்டறதுக்கு இல்ல, கதவு தனியா டிக்கி தனியா கிளாஸ் தனியா போயிடும். அப்பா இருக்கறப்ப அப்பா வண்டி அப்படி போறத நீங்க தாங்குவீங்களான்னு நீங்கதான் யோசிக்கணும்.

என் அம்பாசிடர் முடிய ஒன்பது வருஷம் ஆச்சு. நடுவுல தங்கச்சி கல்யாணம், 2015 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, அப்புறம் கொரோனா. நான் பண்ண பெரிய தப்பு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்டினது. பாடி ஒரு பட்டறை, இன்ஜின் ஒரு லேத்து, சீட்டு இன்னொரு இடம், பணம் நின்னதும் எது எங்க இருக்குன்னே தெரியல, சீட்டுக்காரர் கடைய காலி பண்ணிட்டு போயிட்டார். நீங்க இப்பவே வெளிய குடுத்தது எல்லாத்தையும் வீட்டுக்கு கொண்டு வந்துடுங்க. கழட்டின ஒவ்வொரு போல்ட்டும் ஜிப் கவர்ல போட்டு எந்த இடம்னு தமிழ்லயே எழுதி உள்ள ஒரு சீட்டு வைங்க, வெளிய எழுதினா ஆயில் பட்டு அழிஞ்சுடும். பேரிங் கேப் எது எந்த நம்பர்னு கலக்க விடாதீங்க. ஒரு வருஷம் கழிச்சு ஞாபகம் இருக்கும்னு நினைப்போம், இருக்காது.

டேங்க்ல பெட்ரோல் இருந்தா இறக்கிடுங்க. இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்த இழுத்து அடியில தண்ணியா தங்கும், டேங்க் உள்ள இருந்து அரிக்கும். பழைய ரப்பர் ஹோஸும் அதுக்கு தாங்காது, மறுபடி ஸ்டார்ட் பண்றப்ப எல்லா ஹோஸும் மாத்தணும்னு இப்பவே ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. இன்னொண்ணு, உங்க ஆர்.சி. 2022-ல அஞ்சு வருஷத்துக்கு போட்டது, அப்ப 2027 மார்ச் வரைக்கும் டைம் இருக்கு. அடுத்த தடவை வண்டி ஓடி போய் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிக்கணும். அதனால வர்ற தை விட்டுடுங்க, அதுக்கு அடுத்த தை வைங்க. பெயிண்ட் பளபளன்னு இல்லாட்டியும் பரவால்ல, ஓடணும், பிரேக் பிடிக்கணும், லைட் எரியணும். ஃப்ளோர், பிரேக், இன்ஜின் இந்த வரிசையில போங்க, பெயிண்ட் ஆர்.சி.க்கு அப்புறம்.

மதுரை_ஹெரால்ட்_வீடு

நான் வண்டிக்காரர் இல்லை, வண்டிக்காரரோட வீட்டம்மா. எங்க வீட்டுக்காரர்கிட்ட 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கு, நம்ம வண்டலூர்ல தயாரான வண்டி. அத முடிக்கிற வரைக்கும் நான் பட்டத சொல்றேன், உங்க வீட்டம்மா சொல்ல தயங்கறது இதுவா கூட இருக்கலாம்.

எனக்கு வண்டி மேல கோவம் வந்ததே இல்லை. செலவு எப்ப வரும், எவ்வளவு வரும்னு தெரியாம இருந்ததுதான் கஷ்டம். ஒரு நாள் ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு எடுத்து வச்ச பணத்துல கார்புரேட்டர் வந்து இறங்குச்சு, அன்னைக்குதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. அதுக்கப்புறம் ரெண்டு நோட்டு போட்டோம். வீட்டு ரிப்பேருக்கு மாசாமாசம் ஒரு தொகை, அதுல வண்டி கை வைக்காது. வண்டிக்கு ஒரு சின்ன தொகை, அதுல வீடு கை வைக்காது. அந்த ரெண்டாவதும் முக்கியம் தம்பி, ஏன்னா அவர் தொகைய எப்ப பாத்தாலும் வீடு எடுத்துக்கிட்டா மனுஷன் சோர்ந்து போயிடறார், அதையும் நான் கண்ணால பாத்தேன். உங்க போர்வெல் மோட்டாரே வண்டிக்கு வச்ச பணத்துல வந்ததுன்னா, வீட்டுக்கு தனியா ஒண்ணுமே இல்லாம இருந்துருக்குன்னு அர்த்தம். முதல்ல அத ஆரம்பிங்க, ரெண்டாயிரம் ரூபாயா இருந்தாலும் சரி.

எங்க வண்டி 50 வருஷம் தாண்டினதால விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி விசாரிச்சோம், அதுக்கு மட்டுமே 20,000 கட்டணும்னாங்க. அதையும் நோட்டுல எழுதி எட்டு மாசம் சேர்த்துதான் கட்டினோம். ஒண்ணும் கெட்டு போகல.

அப்பாகிட்ட மறைக்காதீங்க. பழனி ஒரு வருஷம் தள்ளி போகுதுன்னு நீங்களே சொல்லிடுங்க. ஷெட்ல சேர் போட்டு அவர உக்கார வச்சு போல்ட் பேர் எழுத சொல்லுங்க, எங்க மாமனார் அதத்தான் பண்ணார், அந்த கையெழுத்து இன்னும் எங்க கவர்ல இருக்கு.

சைட்_இன்ஜினியர்_ஈரோடு

வண்டி பத்தி எனக்கு தெரியாது, சீலிங் பத்தி மட்டும் சொல்றேன். மேஸ்திரி வெறுமனே சிமெண்ட் பூசி மூடறேன்னு சொன்னா விடாதீங்க, ரெண்டே வருஷத்துல அதுவும் விழும். பொத்துனு கேக்கற இடம் பூரா தட்டி எடுக்கணும், கம்பி பின்னாடி விரல் போற அளவுக்கு கொத்தணும், கம்பிய வயர் பிரஷ் போட்டு வெள்ளையா வர்ற வரைக்கும் தேய்க்கணும். கம்பி ரொம்ப தேஞ்சிருந்தா பக்கத்துல புது கம்பி சேர்த்து கட்டணும், அத மேஸ்திரி முடிவு பண்ண கூடாது, ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் நேர்ல பாத்து சொல்லணும். அப்புறம் கம்பிக்கு ஜிங்க் பிரைமர், பழைய கான்கிரீட்டுக்கு பாண்டிங் கோட், பாலிமர் கலந்த கலவை ஒரே தடவையா இல்லாம படலம் படலமா. அது வரைக்கும் கீழ முட்டு கொடுத்து வைங்க.

இதவிட முதல்ல மொட்டமாடி. தண்ணி வர்ற வழிய அடைக்காம கீழ பண்றது வீண். தட்டோடு சந்து, கைப்பிடி சுவர் சேர்ற மூலை, மழைத்தண்ணி பைப் வாய், இந்த மூணையும் தண்ணி தேக்கி பாருங்க. பணம் பத்தலன்னா மழைக்கு முன்னாடி மாடிய முடிச்சுட்டு, கீழ தட்டி எடுத்து முட்டு கொடுத்து ரூம பூட்டிட்டு, பூசற வேலைய தைக்கு தள்ளலாம். மொத்தமும் ஒரே பில்லா வரணும்னு இல்ல.

கோவை_பத்மினி87

எல்லாருக்கும் மனசார நன்றிங்க. பத்து நாள் கழிச்சு வர்றேன், சொன்னதுல பாதி பண்ணிட்டேன்.

இன்ஜினியர் சார் சொன்ன மாதிரியே வேலைய ரெண்டா பிரிச்சாச்சு. மாடி இந்த வாரம் முடியுது, 46,000. பாப்பா இப்ப எங்க ரூம்ல படுக்கறா, அந்த ரூம்ல முட்டு நாலு நிக்குது. கம்பி தேய்க்க மேஸ்திரிகிட்ட மிஷின் இல்ல, என் கிரைண்டர்ல ஃப்ளோருக்கு வாங்கின வயர் பிரஷ் மாட்டி நானே ஏறி ஒரு ஓரம் தேச்சு பாத்தேன், துரு போய் கம்பி முக்காவாசி நல்லாதான் இருக்கு, வர்ற சனிக்கிழமை ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வந்து பாக்கறார்.

புரோக்கருக்கு இல்லைன்னு சொல்லிட்டேன். அண்ணாநகர் ப்ரோ, உங்க பதில ரெண்டு ராத்திரி யோசிச்சேன், அம்மா நல்லா இருக்காங்கன்னு நம்பறேன். வீட்ல பேசி வண்டிக்கு மாசம் 3,000, வீட்டுக்கு 5,000னு நோட்டு போட்டாச்சு மதுரை அக்கா. எபாக்ஸி ஞாயித்துக்கிழமை அடிச்சேன், கூரையும் கதவும் சாம்பல் கலர்ல நிக்குது. ஆங்கிளும் டேக் போட்டாச்சு. அப்பாகிட்ட சொன்னேன், ஒண்ணும் சொல்லல, சேர் எடுத்துட்டு ஷெட்டுக்கு வந்தார். "இது ஹெட் போல்ட், நடுவுல இருந்து டைட் பண்ணனும்"னு சீட்டுல எழுதினார். இதுவரைக்கும் 31 கவர் ஆயிருக்கு.

திருச்சி அண்ணே ஒரு சந்தேகம், பிளாக்க ஆயில் தடவி பழைய காட்டன் சேலையில சுத்தி ஸ்டோர் ரூம் தரையில வச்சிருக்கேன், அது போதுமா?

திருச்சி_பட்டறை

சேலைய எடுத்துடுங்க தம்பி, துணி ஆயில குடிச்சுட்டு ஈரத்த புடிச்சு வச்சுக்கும். மறுபடி ஆயில் தடவி தடிமனான பிளாஸ்டிக் கவர் போட்டு கட்டுங்க. தரையில வேண்டாம், கீழ ஒரு பலகை போடுங்க. மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க, முதல் மழைக்கு அப்புறம் ஒரு போட்டோ போடுங்க.