இழை: ‘சீசன் எக்ஸ்டென்ஷன்’ – பருவமா, பட்டமா?

அடையாறிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். வீட்டிலேயே சின்னதாகக் கிரீன்ஹவுஸ் போட்டுக் காய்கறி வளர்ப்பது பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்றை நம்மூர் மாடித்தோட்டக்காரர்களுக்காக மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

கிரீன்ஹவுஸுக்குப் ‘பசுமைக்குடில்’ என்று போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது ‘சீசன் எக்ஸ்டென்ஷன்’. எழுதியவர் இங்கிலாந்துக்காரர். அங்கே உறைபனி மே மாதம் வரைகூட எட்டிப் பார்க்கும். அதனால் தக்காளியைக் குடிலுக்குள் முன்கூட்டியே நட்டுவிடுகிறார்கள். வெளியே குளிர் தொடங்கிய பிறகும் சில வாரம் காய் பறிக்கிறார்கள். முன்னாலும் பின்னாலும் காலத்தை இழுத்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். இப்போதைக்குப் ‘பருவ நீட்டிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். வாசித்தால் அரசாணை மாதிரி இருக்கிறது.

மயிலாப்பூரிலிருந்து:

நீட்டிப்புக்குப் போகுமுன் குடிலைப் பார்த்துவிடலாம். பசுமை என்பது பண்புப்பெயர். ‘ஈறு போதல்’ என்று தொடங்கும் நன்னூல் விதிப்படி மை கெட்டு, இனமெல்லெழுத்து மிகுந்து ‘பசுங்குடில்’ என்றுதான் வர வேண்டும். பசுந்தாள் உரம், பசுந்தீவனம் என்று உழவர்கள் சரியாகத்தானே சொல்கிறார்கள்? இன்னும் சுருக்கினால் பைங்குடில். பயிர் விளையும் இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்பினால், வள்ளுவர் 550ஆம் குறளில் களை பறிப்பதைச் சொல்லும்போது பசும்பயிர் என்ற பொருளில் ஆண்ட ‘பைங்கூழ்’ இருக்கிறது. பைங்கூழ்க்குடில். எவ்வளவு அழகு!

ஆதம்பாக்கத்திலிருந்து:

ஐயா, அழகுதான். ஆனால் கூழ் என்றதும் என் பக்கத்து வீட்டம்மா ஆடி மாதத்து அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். பசுமைக்குடில் என்ற பெயர் வேளாண் துறைத் துண்டறிக்கை வரை பரவிவிட்டது. அதைத் தொட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. சென்னையில் குடில் எதற்கு? உறைபனிக்கு இல்லை. இங்கே இரண்டு எதிரிகள். ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது, நாற்று அழுகிவிடும். இன்னொன்று பங்குனிக்குப் பிறகு ஏறும் வெயில். 2003 மே 31 அன்று இதே ஊரில் 45 டிகிரி. தக்காளி அவ்வளவு தூரம் தாங்காது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாமல் போனால் மகரந்தம் கெட்டுவிடும். பூக்காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். முதலில் அந்த இடம் மஞ்சளடிக்கும். மறுநாள் விரல் பட்டாலே பூ கணுவோடு கழன்று கையில் வந்துவிடும்.

என் மாடியில் ஜிஐ குழாய் வளைத்து, மேலே 200 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட், நாலு பக்கமும் திறப்பு. புரட்டாசிக் கடைசியில் அதன் கீழே நாற்று விடுகிறேன். மழை ஓய்ந்ததும் ஷீட்டை உருவிவிட்டு, மாசி பிறந்ததும் ஐம்பது சத நிழல்வலை கட்டுகிறேன். (கட்டுக்கயிறு முக்கியம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் பறக்காத ஷீட் இல்லை.) தை முடிந்ததும் சோர வேண்டிய செடி பங்குனி வரை காய்க்கிறது.

இதற்கு உழவர்களிடமே சொல் இருக்கிறது. விதைக்க ஏற்ற காலத்தைப் பட்டம் என்பார்கள். ஆடிப்பட்டம், தைப்பட்டம் தெரியும். முன்பட்டக் குறுவை, பின்பட்டச் சம்பா என்று செய்தித்தாளிலேயே வருகிறதே! முன்னால் இழுப்பது முன்பட்டம், பின்னால் தள்ளுவது பின்பட்டம். மொத்தமாகப் ‘பட்ட நீட்டிப்பு’.

பெரம்பூரிலிருந்து:

பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன், அங்கே சின்னத் தோட்டமும் உண்டு. ‘பட்ட நீட்டிப்பு’ என்று கரும்பலகையில் எழுதினால் என் பிள்ளைகளில் பாதிப் பேர் மாஞ்சாவை நினைப்பார்கள், மீதிப் பேர் பட்டமளிப்பு விழாவை. சென்னைப் பிள்ளைகளுக்கு ஆடிப்பட்டம் பாடப்புத்தகத்தில் வரும் பழமொழி மட்டும்தான். பருவம் எல்லாருக்கும் புரியும். எனவே பருவ நீட்டிப்புக்கே என் ஓட்டு.

இழையை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கையேட்டில் ‘கண்ணாடி வெப்பக்கதிரைச் சிறைபிடிப்பதால் குடில் சூடாகிறது’ என்று மட்டும் இருந்தால் அடிக்குறிப்பு ஒன்று போடுங்கள். 1909இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்குப் பாறையுப்புப் பலகை. பாறையுப்பு அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை. அப்படியும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. சூடான காற்று மேலே போய்க் கலக்க முடியாமல் அடைபடுவதுதான் குடிலுக்கு முக்கியக் காரணம். வளிமண்டலத்தில் நடப்பது வேறு, அங்கே கதிர்தான் கணக்கு. ‘பசுமை இல்ல விளைவு’ என்ற ஒரே பெயர் இரண்டையும் குழப்புகிறது. ஆதம்பாக்கம் நண்பர் நாலு பக்கமும் திறந்து வைத்திருப்பதன் காரணமும் இதுவே. மூடினால் செடி வெந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து:

எல்லாரும் நீட்டிப்பைப் பிடித்துக்கொண்டு முதற்சொல்லை விட்டுவிட்டீர்கள். பருவத்தைப் ‘பர்வன்’ என்ற வடசொல்லோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. பருத்தல் என்னும் வேரிலிருந்து வந்ததாக நான் நம்பினாலும் ஐயத்துக்கு இடம் எதற்கு? போகம் என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன், அது ஐயமற்ற வடசொல். நம்மிடம் பொழுது இருக்கிறது. காரும் கூதிரும் பனியும் வேனிலும் பெரும்பொழுதுதானே? ‘பொழுதுநீட்டம்’ என்போம்.

குடிலுக்கும் புதுச்சொல் வேண்டாம். நாற்றங்கால், கொடிக்கால் என்று நம்மிடம் ‘கால்’ இருக்கிறது. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளை அடுக்கும்போது ‘கண்கால்’ என்றே தொடங்குகிறது. ‘சொல்லுங்கால்’ என்னும்போது அதே கால் பொழுதைக் குறிக்கும். காற்றுக்கும் கால் என்றே பெயர். செடிக்கு வேண்டிய இடம், பொழுது, காற்று மூன்றும் ஓரசையில் அடங்கிவிட்டன. ஆகவே நிழற்கால்.

மயிலாப்பூரிலிருந்து:

நாற்றங்காலில் உள்ள கால் இடம், ஒப்புக்கொள்கிறேன். கொடிக்காலில் எனக்கு ஐயம். வெற்றிலை படர அகத்தியை நட்டு வைக்கிறார்கள். அது பந்தக்கால் மாதிரி ஊன்றிய கால் ஏன் ஆகக்கூடாது? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அகத்தி நிழலில், அடிக்கடி தண்ணீர் கட்டி, வெயிலைத் தணித்து வெற்றிலை வளர்க்கும் கொடிக்காலே நம் வெப்பநாட்டுப் பசுமைக்குடில். கையேட்டில் அது ஒரு பத்தியாவது வர வேண்டும்.

ஆதம்பாக்கத்திலிருந்து:

தாம்பரம் ஐயா, ‘நிழற்கால்’ என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? பச்சை வலை வாங்குகிறவர் ‘ஷேடுநெட்’ என்கிறார், கொஞ்சம் முயன்றால் ‘நிழல்வலை’ என்பார். தோட்டக்கலைத் துறை ‘கிட்’ என்பதற்குத் ‘தளை’ என்று வைத்தார்கள். மாடித்தோட்டத் தளை. விண்ணப்பப் படிவம் தவிர வேறெங்கும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

தாம்பரத்திலிருந்து:

கேட்காததாலேயே சொல் தவறாகிவிடாது. பேருந்தையும் ஒருகாலத்தில் இப்படித்தான் தள்ளினார்கள். இன்று நடத்துநர்கூட இயல்பாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கொடுக்கிறோமோ அதுவே அவர்களுக்கு எளிய சொல். நாம் முதலிலேயே விட்டுக்கொடுத்துவிட்டால் யார் பழக்குவது?

அடையாறிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். நான் செய்யப்போவது இதுதான். இயல் தலைப்பில் ‘பருவ நீட்டிப்பு’. உள்ளே சீக்கிரம் தொடங்கும் பகுதிக்கு ‘முன்பட்டம்’, தாமதமாக முடிக்கும் பகுதிக்குப் ‘பின்பட்டம்’. முதல் இடத்தில் ஆடிப்பட்டத்தோடு சேர்த்து விளக்கம் தருவேன். குடில் அப்படியே இருக்கும். கொடிக்கால் பத்தியும் வுட் சோதனையும் சேர்கின்றன.

நாற்றைக் குடிலிலிருந்து வெளிக்கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தவெளிக்கு விடுவார்களே, அந்த ‘ஹார்டனிங் ஆஃப்’புக்குக் ‘கடினப்படுத்துதல்’ என்று எழுத மனம் வரவில்லை. ‘வெயில் பழக்குதல்’ போடுகிறேன்.

பெரம்பூரிலிருந்து:

வெயில் பழக்குதல் நன்றாக இருக்கிறது. பட்டத்துக்கு அந்த விளக்கம் கட்டாயம் இருக்கட்டும்.

தாம்பரத்திலிருந்து:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. பொழுதுநீட்டம் என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். வெயில் பழக்குதல் இங்கிலாந்துச் செடிக்குப் பொருந்துமா என்பதையும் பாருங்கள். அங்கே நாற்றுக்குப் பழக்குவது குளிரையும் காற்றையும் அல்லவா?