மே 1 கிராம சபை, கண்மாய் வண்டல், வைகாசிப் பொங்கல்: எதை எங்கே கேட்பது?

கேள்வி — மானாமதுரைப்பக்கம்

சிவகங்கை மாவட்டத்தில் நான்கு குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி எங்களுடையது. 2011 கணக்கெடுப்புப்படி 1,900 சொச்சம் பேர். மே 1 கிராம சபை வருகிறது. இந்தக் கோடைக்குள் முடிக்க வேண்டியவை இவை:

கண்மாய் மேடேறிக் கிடக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். விவசாயிகள் வண்டல் அள்ளக் காத்திருக்கிறார்கள். வைகாசி கடைசி வாரம் அம்மன் கோயில் பொங்கல், ஓர் இரவு நாடகம், மறுநாள் கபடி. பட்டாவில் பெயர் திருத்தம் கேட்டு ஏழெட்டுக் குடும்பங்கள் அலைகின்றன.

எல்லாவற்றையும் கிராம சபையிலேயே தீர்மானமாகப் போட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது நடக்குமா? மனு எப்படி எழுத வேண்டும்?

பதில் 1 — தீர்மானநோட்டு

எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகாதீர்கள், தம்பி. கண்மாயும் வரத்துக்காலும் கிராம சபைக்கு உரியவை. திருவிழா அனுமதி காவல் நிலையத்துக்கு, பட்டா வருவாய்த் துறைக்கு. தனிநபர் பட்டா விவகாரம் சபையில் கிளம்பினால் அரை மணி நேரம் சண்டையிலேயே போய்விடும், உருப்படியான பொருள் கடைசியில் கூட்டம் கலைகிற நேரத்துக்குத் தள்ளப்படும்.

முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். உங்களுக்கு 100. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் சபை உறுப்பினர்கள், ஆகவே வெளியூரில் வாக்கு வைத்திருப்பவர் வந்து உட்கார்ந்தால் எண்ணிக்கையில் சேராது. நான்கு குக்கிராமத்திலிருந்தும் ஆள் வரவில்லை என்றால் 100 தேறாது. 11 மணிக்குக் கூட்டம் என்றால் மே மாத வெயிலில் பந்தலும் தண்ணீரும் இல்லாமல் யாரும் நிற்க மாட்டார்கள். அதை முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். கூட்டம் கோயில் உள்ளிட்ட எந்த மதச்சார்புள்ள வளாகத்திலும் நடக்கக்கூடாது. குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், போன தடவை நடந்த இடத்திலேயே வைத்தால் கேளுங்கள்.

கூட்டத்துக்கு 7 நாளுக்கு முன்பே தேதி, இடம், பொருள் எல்லாம் மக்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எனவே உங்கள் மனு அதற்கும் முன்னால், ஏப்ரல் 20 வாக்கில் செயலர் கைக்குப் போக வேண்டும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலைவரின் பதவிக்காலம் முடிந்த ஊராட்சி என்றால் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார், மனுவின் இன்னொரு பிரதியை ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) கொடுங்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் கூட்டம் தள்ளிப்போகும், அப்போதும் கொடுத்த மனு நிலுவையில் நிற்கும்.

மனு வாசகத்தில்தான் பெரும்பாலான ஊர்கள் கோட்டை விடுகின்றன. "கண்மாயைத் தூர்வார வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் அது தீர்மானப் புத்தகத்திலும் ஒரு வரியாகவே கிடக்கும். ஒன்றியப் பொறியாளர் அதை வைத்து மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுதுங்கள்:

"…… கிராமம், சர்வே எண் ……, …… ஹெக்டேர் பரப்புள்ள கண்மாயின் வரத்துக்கால்வாயில், …… பாலம் முதல் கண்மாய் வாய் வரை …… மீட்டர் நீளத்துக்குச் சீமைக்கருவேல மரங்களை வேரோடு அகற்றி, தூர்வாரிக் கொடுக்கவும், 2ஆம் எண் மடையின் உடைந்த அடைப்புப் பலகையை மாற்றவும், இதற்கான மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் மூலம் தயாரிக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது."

சர்வே எண்ணும் பரப்பும் வருவாய்த் துறையின் இணைய சேவையில் அ-பதிவேட்டில் இருக்கும். நீளத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள், கண்ணால் மதிப்பிட்ட அளவு வேண்டாம்.

கூட்டத்தன்று கவனிக்க வேண்டியது ஒன்று. தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டு, உரக்கப் படிக்கப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால் மறுத்துவிடுங்கள். ஊராட்சியின் வரவு செலவு (படிவம் 30) படிக்கப்படும்போது எழுந்து கேள்வி கேளுங்கள். பொது நிதியில் எவ்வளவு மீதம் என்று தெரிந்தால்தான் மடைப் பலகைபோன்ற சின்ன வேலைக்கு அங்கிருந்தே கேட்க முடியும். தீர்மான நகல் தர இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இந்த வருடம் நேரம் தவறினாலும் ஆகஸ்ட் 15 இருக்கிறது. 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கூட்டங்கள். ஆனால் கண்மாய் வேலைக்கு ஆகஸ்ட் தாமதம். மதிப்பீடு, நிர்வாக அனுமதி எல்லாம் முடிவதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும்.

பதில் 2 — கலுங்கடி

மேலே அண்ணன் சொன்னதில் கண்மாய்ப் பகுதிக்குச் சேர்க்க வேண்டியது நிறைய.

கண்மாய் யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்குக் (40 ஹெக்டேர்) கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், மேலே என்றால் நீர்வளத்துறை. நீர்வளத்துறைக் கண்மாய்க்கு ஒன்றியத்தில் மதிப்பீடு கேட்டால் கோப்பு நகராது. அப்படி இருந்தால் அதே தீர்மானத்தை உதவிச் செயற்பொறியாளருக்கு அனுப்பக் கோருவதாக எழுதுங்கள்.

வண்டலுக்குக் கிராம சபைத் தீர்மானத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அது தனி வழி. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார், முன்புபோல ஆட்சியர் அலுவலகம் வரை போக வேண்டாம். இ-சேவை மூலம் விண்ணப்பம், கூடவே சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று. உங்கள் கண்மாய் பெயர் மாவட்ட அரசிதழில் வந்த பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பம் அப்படியே நிற்கும், பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகப் போடுவது பலன் தரும்.

அளவு: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். மண் இலவசம், அள்ளும் செலவும் வண்டி வாடகையும் உங்களுடையது. டிராக்டர்காரர்கள் யூனிட் கணக்கில் பேசுவார்கள். 1 யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அப்படியானால் ஒரு ஏக்கர் நன்செய்க்கு ஏறத்தாழ 26 யூனிட், புன்செய்க்கு ஏறத்தாழ 32. டிப்பரின் நீள அகல உயரத்தை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு வாடகை பேசுங்கள். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் இது 2 செ.மீ. கனம்தான் வரும், ஆகவே மணற்பாங்கான, செம்மண் நிலத்துக்கு முதலில் கொடுங்கள். ஏற்கெனவே களியாக உள்ள வயலில் கொட்டினால் வடிகால் கெடும். மண்ணின் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும் இடத்தில் அள்ளாதீர்கள், அது உவர். சந்தேகம் என்றால் அரைக் கிலோ மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு அள்ளுங்கள்.

அள்ளும் இடம் முக்கியம். வண்டி வர வசதி என்று கரையை ஒட்டியே தோண்டுவார்கள். கரையின் அடி பலவீனமாகி, நிறை கண்மாயில் அங்கேதான் ஊற்றெடுத்து உடைப்பு வரும். அதிகாரி குச்சி நட்டுக் காட்டிய எல்லைக்குள், அனுமதிச் சீட்டில் உள்ள ஆழத்தில், சமமாக எடுக்க வேண்டும். கறுப்பு வண்டல் தீர்ந்து சரளை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். சரளையும் கிராவலும் இந்த அனுமதியில் வராது, வண்டி பறிமுதலாகும். அதோடு அடிக்களி கிழிந்தால் தண்ணீர் தங்காத கண்மாயாகிவிடும். ஒரு ஆள் நோட்டுப் போட்டு வண்டி எண், நேரம், யாருடைய நிலம் என்று எழுதிக்கொண்டே இருந்தால் வெளி ஆள் லாரி நுழையாது. ஊர்க் காவல் என்பது இங்கே இந்த நோட்டுதான்.

கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு பிடுங்காவிட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். வெட்டிய மரத்தை ஊரே விற்றுப் பங்கு போடுவதும் தவறு. மதிப்பு நிர்ணயித்து ஏலம் விட்டு அரசுக் கணக்கில் கட்ட வேண்டும்.

மானாமதுரைப்பக்கம்

நன்றி அண்ணே. ஆயக்கட்டு 70 ஏக்கர் என்பதால் ஒன்றியக் கண்மாய்தான். நாடகம் வழக்கமாக இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடக்கும். அதற்கு அனுமதி கிடைக்குமா?

பதில் 3 — பந்தக்கால்

அந்த நேரத்தை மாற்றுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு, அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல். விடிய விடிய என்று மனுவில் எழுதினால் நிராகரிக்க நீங்களே காரணம் கொடுத்தது போலாகும். மாலை 6.30க்குத் தொடங்கும்படி நாடகக் குழுவிடம் இப்போதே பேசிவிடுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு பேசினால் சரிவராது. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி ஒலிபெருக்கி போதும், முகம் மைதானத்துக்குள் திரும்பி இருக்கட்டும்.

காவல் நிலைய மனுவை இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுங்கள். தேதி வாரியாக நிகழ்ச்சி, தொடங்கும் முடியும் நேரம், மேடை இடம், வண்டி நிறுத்தும் இடம், பொறுப்பாளர்கள் பெயர், கைபேசி எண் இவை இருக்க வேண்டும். கோயில் வரி யார் கட்டலாம், முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஊருக்குள் உரசல் இருந்தால் மனுவுக்கு முன்பே பேசி முடியுங்கள். எதிர் மனு ஒன்று வந்தால் விஷயம் வட்டாட்சியர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போகும், அதற்குள் தேதி நெருங்கிவிடும்.

மின்சாரம்: தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடவே கூடாது. பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். மேடை, சீரியல் விளக்கு, ஒலி அமைப்பு மூன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம் போடச் சொல்லுங்கள். சீரியல் ஒயரை இரும்புக் குழாயிலும் தகரத்திலும் கட்டக்கூடாது. சப்பரம் அல்லது முளைப்பாரி ஊர்வலம் மின்கம்பி அடியில் போகுமானால் பாதையையும் நேரத்தையும் உதவி மின்பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, அந்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சப்பரத்தின் உச்சியை முதல் நாளே அளந்து பாருங்கள், அலங்காரம் ஏறியதும் உயரம் இரண்டு மூன்று அடி கூடும்.

தண்ணீர்தான் கோடைத் திருவிழாவில் முதலில் காலை வாரும். வெளியூர் உறவினர் வருவதால் மேல்நிலைத் தொட்டி மதியத்துக்குள் காலியாகும். தொட்டி இயக்குபவரிடம் சொல்லி அன்று கூடுதலாக ஒரு தடவை ஏற்றச் சொல்லுங்கள். குளோரினுக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் ஊற்ற வேண்டும், அரை மணி கழித்துத் திறக்கலாம். பழைய மூட்டைப் பவுடரில் வீரியம் இருக்காது, கடைசித் தெருக் குழாயில் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மீதம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீர்மோர்ப் பந்தலில் ஐஸ் போடுவதாக இருந்தால் உணவுக்கான ஐஸ் மட்டும், மீன் வண்டிக்கு விற்கும் கட்டி வேண்டாம்.

கபடிக் களம் ஆண்களுக்கு 13 × 10 மீட்டர், பெண்களுக்கு 12 × 8. சுற்றிலும் நாலு மீட்டராவது காலியாக விட்டு, கல் பொறுக்கி, சலித்த மண் போட்டு, முதல் நாள் மாலையே தண்ணீர் தெளித்து வையுங்கள். காலையில் தெளித்தால் சேறாகி வழுக்கும்.

பதில் 4 — பசலிக்கணக்கு

பட்டாக் குடும்பங்களுக்கு: ஜமாபந்திக்கு, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் முகாமுக்கு, போகச் சொல்லுங்கள். ஜூன் 30ஓடு பசலி ஆண்டு (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) முடிவதால் மே, ஜூனில் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் நடக்கும். பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் உள்வட்டம்) வாரியாகத் தேதி பிரிப்பார்கள், உங்கள் கிராமத்துக்கு உரிய நாளில் கிராமக் கணக்குகள் எல்லாம் ஜமாபந்தி நடத்தும் தீர்வாய அலுவலர் மேசையில் இருக்கும். பெயர்ப் பிழையை அங்கேயே பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதுதான் அதன் பயன். வேறு நாளில் போய் நின்றால் அது இன்னொரு சாதாரண மனுதான்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு மனு, ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, பதிவேட்டில் உள்ள பெயர், இருக்க வேண்டிய பெயர் இவற்றை எழுதி, பத்திர நகல், ஆதார் நகல், இறந்தவர் பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இணைக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் இன்றே விண்ணப்பியுங்கள், அது வரத்தான் நாளாகும். நிலத்தைப் பிரித்து அளக்க வேண்டிய உட்பிரிவு என்றால் தனி விண்ணப்பமும் அளவைக் கட்டணமும் உண்டு, அது ஜமாபந்தி அன்றே முடியாது. மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

வைகாசி கடைசி வாரம் என்பது ஜூன் இரண்டாம் வாரம். உங்கள் பிர்காவின் ஜமாபந்தி நாள் பொங்கலன்று விழுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டுக் காப்புக் கட்டும் தேதியை முடிவு செய்யுங்கள்.