நீங்க இணையத்துல போட்ட படத்தையோ எழுத்தையோ வேற எங்கயோ பார்த்த அனுபவம் இருக்கா?

பூச்சிக்கண்:
ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. தட்டான் பழைய தோலை உரிச்சிட்டு வெளிய வர்ற படம், விடியக்காலைல மூணு மணி நேரம் மண்டி போட்டு எடுத்தது, சிசி-பை 4.0 (பேரு போட்டா யாரும் பயன்படுத்தலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ், 4.0 அதோட வெர்ஷன்) போட்டுத்தான் பகிர்ந்தேன். திடீர்னு பார்த்தா ஒரு காலண்டர்ல மார்ச் மாசத்துக்கு அதே படம். இடது ஓரத்துல ஒடிஞ்ச கோரை, அதுக்குக் கீழ என் கட்டைவிரல் நிழல், எல்லாம் அப்படியே இருக்கு, என் பேரு மட்டும் இல்ல. ஆத்திரத்துல "திருட்டு, உடனே எடுங்க"ன்னு எழுதிட்டேன், எடுத்துட்டாங்க. அப்புறம்தான் உறைச்சுது, சிசி-பைல விக்கிறதுக்கே அனுமதி உண்டு, நான் கேட்டிருக்க வேண்டியது பேரை மட்டும்தானே?

கம்பளிநூல்:
எனக்கு நேர் எதிர். குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) ஆந்தை பேட்டர்ன், லைசென்ஸ்னு ஒண்ணுமே போடல. யாரோ பிடிஎஃப் ஆக்கி வித்துட்டிருந்தாங்க. சொந்தமா எழுதினதுன்னு அடிச்சு சொன்னாங்க. ஆனா 14வது வரிசைல நான் 36 தையல்னு எழுத வேண்டியதை 38னு எழுதியிருந்தேன், அந்தத் தப்பு அவங்க பிடிஎஃப்லயும் உக்காந்திருக்கு! கேட்டா "லைசென்ஸே போடலையே, பொதுன்னு நினைச்சேன்"ங்கறாங்க. அந்த ஒரு வரி இன்னும் மறக்க மாட்டேங்குது.

தொட்டிமீன்:
மீன் வளர்க்கறவங்க குழுவுல இருந்து கோச்சிக்கிட்டு வெளிய போனவன் நான். ஆறு வருஷத்துப் பதில் எல்லாத்தையும் அழிச்சேன், ஆனா அதெல்லாம் பை-எஸ்ஏ (பேரு போடணும், மாத்தி எழுதினா அதையும் இதே லைசென்ஸ்லதான் விடணும்), ஏற்கெனவே எடுத்துத் தொகுத்து வச்சிருந்தாங்க, திரும்ப வாங்க முடியல. போன மாசம் ஒரு புதுப் பையன் "முதல்ல அம்மோனியா டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் மருந்தைத் தொடுங்க"ன்னு என் வரியை எனக்கே அனுப்பறான். படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

உரிமம்பாரு:
@பூச்சிக்கண் நீங்க தப்பே பண்ணல, அதை முதல்ல மனசுல இருந்து எடுங்க. பேரு போடலைன்னா அவங்களுக்கு 4.0 லைசென்ஸ் தானாவே முடிஞ்சு போச்சு, தப்பு தெரிஞ்ச 30 நாளுக்குள்ள சரி பண்ணாத்தான் தானாவே திரும்ப உயிர் வரும், இல்லைன்னா நீங்களா திரும்பக் கொடுக்கணும், அதனால எடுக்கச் சொன்னது உங்க உரிமைதான். 3.0ல இந்த 30 நாள் கிடையாது, அதான் வெர்ஷன் நம்பரோட போடுங்கன்னு தலையால அடிச்சுக்கறேன். @கம்பளிநூல் ஒண்ணும் போடலைன்னா மொத்த உரிமையும் எழுதினவங்களுக்குத்தான், பெர்ன் ஒப்பந்த (காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தம்) நாடுகள்ல பதிவே தேவையில்ல. ஆனா உங்க எழுத்தும் படமும்தான் உங்களது, ஆந்தை பின்னணும்ங்கற யோசனை யாருக்கும் சொந்தமில்ல, ஒருத்தர் தானே பின்னிப் பார்த்துத் தன் வார்த்தைல எழுதினா அதைத் தடுக்கறது கஷ்டம். @தொட்டிமீன் கொடுத்த லைசென்ஸை வாபஸ் வாங்க முடியாது சரி, ஆனா "என் பேரை எடுங்க"ன்னு கேக்க 4.0ல வழி இருக்கு. என் கதை சின்னது, என்சி (வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது) போட்ட ஒருத்தரோட வரைபடத்தைத் தெரியாம என் பை-எஸ்ஏ கட்டுரைக்குள்ள கலந்துட்டேன், ரெண்டும் சேராது, அவர் பொறுமையா சொல்லிக் கொடுத்தார். அப்புறம் எல்லாத்தையும் நானே திரும்ப வரைஞ்சேன்.

தொட்டிமீன்:
பேரை எடுக்கணும்னு நான் கேக்கலங்க. அது அங்கயே இருக்கட்டும்.

பூச்சிக்கண்:
30 நாள் விஷயம் தெரியவே தெரியாது. நேத்து காலண்டர்காரங்களுக்குத் திரும்ப எழுதினேன், பேரோட போடறதா இருந்தா தாராளமா போட்டுக்கங்கன்னு. இன்னும் பதில் வரல.