விஆர் ஹெட்செட்டில் கேனுலா போடக் கற்றுக்கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நர்சிங் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். கேனுலா, அதாவது மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் ஊசியோடு செருகும் மெல்லிய குழாய், போடுவதை விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டில் பழக்கிப் பார்க்கிறோம். எதற்குப் பின் எது என்ற வரிசையை மாணவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். சிக்கல், ஊசி உள்ளே போகும் இடத்தில்தான். ரத்தக் குழாயின் சுவரைத் துளைக்கும்போது விரலுக்குச் சட்டென்று ஒரு தளர்வு தெரியுமே, அது கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் அதிர்வில் வருவதில்லை. சரி, வெறும் கையால் செய்யலாம் என்றால், தோலை இழுத்துப் பிடித்த கைமேல் மறு கை வந்ததும் ஹெட்செட்டின் கேமராவுக்கு விரல்கள் மறைந்துவிடுகின்றன. திரையில் கை எங்கோ பறக்கிறது!

அதனால் நிஜப் பொருள்கள்மேல் படத்தைக் காட்டும் மிக்ஸட் ரியாலிட்டிக்கு மாறலாமா என்று யோசனை. நிஜ ஊசி, பயிற்சிக்கான ரப்பர் கை, அதன்மேல் ரத்தக் குழாயின் படமும் ஊசியின் கோணமும் மட்டும். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? படம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே குழாய் தவறிவிடும். அதை எப்படிச் சமாளித்தீர்கள்? இந்த வகை ஹெட்செட்டான ஹோலோலென்ஸ் 2-இன் தயாரிப்பை மைக்ரோசாப்ட் 2024-இல் நிறுத்திவிட்டதால் அதை நம்பி இறங்கத் தயக்கம்.

அப்புறம், ஹெட்செட் காட்டும் ஸ்கோரை அப்படியே மதிப்பெண்ணாகப் போடுகிறீர்களா? எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடி அணியும் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.