மீனாவுக்கு எஸ்கசோனியில் வேலை: எங்கள் குடும்பக் குழுவில் ஓர் இரவு

பெரியப்பா: மீனா, ஆதிகுடி ஊர்ப் பள்ளிக்கூடத்துல வேலைன்னு உங்கம்மா சொன்னா. டவுன்ல இடம் கிடைக்கலியாம்மா?

மீனா: கிடைச்சுது பெரியப்பா. நான்தான் இதைக் கேட்டு வாங்கினேன். எஸ்கசோனி, மிக்மாக்ங்கிற ஆதிகுடி ஜனங்களோட பெரிய ஊர். ஏரிக்கரையில இருக்கு. சிட்னியிலருந்து கார்லயே போயிட்டு வந்துரலாம்.

சாந்தி அத்தை: சிட்னியா? ஆஸ்திரேலியாவுக்கு எப்படி போனே??

கார்த்தி: அத்தை, கனடாவுலயும் ஒரு சிட்னி இருக்கு. நோவா ஸ்கோஷியா மாகாணம், கேப் பிரெட்டன் தீவு. எத்தனை வாட்டி சொல்றது 😄

பெரியப்பா: சம்பளம் யார் கொடுப்பா? கவர்மெண்டா, மேனேஜ்மெண்டா?

மீனா: பணம் பெரும்பாலும் ஒட்டாவாவுலருந்து, அதாவது கனடா மத்திய அரசாங்கத்துகிட்டருந்து வருது. நடத்துறது மிக்மாக் ஜனங்களே. அவங்க பள்ளியை அவங்களே நடத்தலாம்னு 1997ல அரசாங்கத்தோட ஒப்பந்தம், மறுவருஷமே நாடாளுமன்றத்துல சட்டம். முதல்ல 9 ஊர் சேர்ந்துச்சு. இப்ப மாகாணத்துல இருக்கிற 13 மிக்மாக் ஊர்ல 12 உள்ள வந்தாச்சு. எல்லாத்துக்கும் பொதுவா மிக்மா கினாமத்னவேன்னு ஒரு கல்வி அமைப்பு.

அம்மா: அந்தப் பிள்ளைங்க நாளைக்கு வேற ஊருக்குப் போனா சேர்த்துக்குவாங்களாடி?

மீனா: சேர்த்துக்கணும்மா. வேற பள்ளிக்கு மாறினாலும் படிப்பு விட்டுப்போகாத அளவுக்குப் பாடம் இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு.

பெரியப்பா: எழுதி வச்சா ஆச்சா? பிள்ளைங்க முடிக்குதா, அதைச் சொல்லு.

மீனா: அதுலதான் நான் விழுந்தேன். இந்த அமைப்புல பன்னிரண்டாவது முடிக்கிறவங்க 90 சதவீதத்தை ஒட்டி. 2016 சென்சஸ்ல கனடா முழுக்க ரிசர்வ்ல, அதாவது ஆதிகுடிகளுக்குன்னு ஒதுக்கின ஊர்கள்ல இருக்கிற 20-24 வயசுப் பிள்ளைங்கள்ல பாதிப்பேர்கூட முடிக்கல.

கார்த்தி: அப்படி என்ன செஞ்சாங்க?

மீனா: மந்திரம் ஒண்ணும் இல்லண்ணா. வாத்தியாரா அவங்க ஊர் ஆளுங்களையே படிக்க வச்சாங்க. ஒரு பிள்ளை வரலேன்னா அது யாரு வீட்டுப் பிள்ளைன்னு டீச்சருக்குத் தெரியும்.

சாந்தி அத்தை: இவ்வளவு நல்லா நடத்துறவங்ககிட்ட முன்னாடியே விட்டிருக்கலாமே?

மீனா: முன்னாடி நடந்தது கொடுமை அத்தை. ஷூபெனகாடின்னு ஒரு இடத்துல 1930லருந்து 1967 வரைக்கும் விடுதிப் பள்ளி. காசு அரசாங்கத்துது, நடத்தினது கத்தோலிக்கச் சபை. பிள்ளைகளை வீட்டைவிட்டுப் பிரிச்சுக் கொண்டுபோய் அடைச்சாங்க. சொந்த பாஷை பேசினா அடி. திரும்பி வந்தவங்கள்ல நிறைய பேரு, நம்ம பட்டது போதும்னு, பெத்த பிள்ளைகிட்டகூட அந்த பாஷையைப் பேசல.

அம்மா: அடப்பாவிகளா.

பெரியப்பா: பிள்ளையை அடிச்சு எவன் என்னத்தைக் கத்துக் கொடுத்தான்.

கார்த்தி: இப்ப எல்லாப் பாடமும் மிக்மாக்லயா?

மீனா: இல்ல. சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு முழுக்க மிக்மாக்லயே நடத்துற பள்ளி ஒண்ணு இருக்கு, 2015லருந்து தனியா. இஷ்டப்பட்டவங்க சேர்க்கலாம். ஆனா வெளிய வந்ததும் யூடியூப், கேம் எல்லாம் இங்கிலீஷ்தானே. எஸ்கசோனியிலயே சின்னஞ்சிறுசுங்க பேசறது குறைஞ்சுட்டு வருது. நோவா ஸ்கோஷியாவோட முதல் மொழி மிக்மாக்தான்னு 2022ல மாகாணம் சட்டம் போட்டுச்சு.

கார்த்தி: சட்டம் போட்டா பிள்ளை பேசிருமா?

மீனா: டொராண்டோவுல உங்க வீட்டு நிலா எவ்வளவு தமிழ் பேசுறான்னு கேளுங்க 😏

சாந்தி அத்தை: 😂😂😂

பெரியப்பா: விளையாட்டு போதும். நீ என்ன பாடம் எடுக்கப் போற?

மீனா: கணக்கு!! உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். 2007லருந்து இங்க பிள்ளைங்களுக்கு ஒரு கணக்குக் கண்காட்சி நடக்குது. அவங்க ஊர்த் தொழில்ல எங்க கணக்கு இருக்குன்னு பிள்ளைங்களே தேடி எடுத்துட்டு வரணும். முள்ளம்பன்றி முள்ளை வச்சு வட்டப் பெட்டி செய்வாங்க. அதோட வளையத்துக்குப் பட்டை எவ்வளவு நீளம் வெட்டணும்னு ஒரு பாட்டிகிட்ட கேட்டிருக்காங்க. பெட்டியோட குறுக்களவு மூணு மடங்கு, அதோட ஒரு கட்டைவிரல் அகலம்னு சொன்னாங்களாம்.

பெரியப்பா: அடேயப்பா! வட்டக் கணக்குல வர்ற பை (π), 3.1416!

பெரியப்பா: இரு. மூணு போக மிச்சம் 0.1416. கட்டைவிரலை 2.5 செ.மீ.ன்னு வச்சுக்கோ. வகுத்தா 17.7 செ.மீ. வருது. அந்தக் குறுக்களவுப் பெட்டிக்கு அச்சு அசலாப் பொருந்தும். பெருசானா பட்டை பத்தாது.

கார்த்தி: பெரியப்பா மணி பதினொண்ணு அங்க. தூங்குங்க.

பெரியப்பா: நீ சும்மா இருடே. மீனா, முனையை ஒண்ணுமேல ஒண்ணு ஏத்திக் கட்டுவாங்களா, ஒட்டி வைப்பாங்களா? ஏத்திக் கட்டினா கணக்கு மாறும். பெட்டி என்ன அகலம்னும் அளந்து அனுப்பு.

மீனா: திங்கள்கிழமைதான் சேர்றேன் பெரியப்பா. முதல்ல ஸ்டாஃப் ரூம் எங்க இருக்குன்னு பார்த்துக்கிடுறேன்.