மண் அணைக்கு நிலநடுக்கக் கணக்கு: 0.15 கெழு போதுமா, முழு எண்மாதிரி வேண்டுமா?

கரைமேடு:
சின்ன மண் அணைக்குக்கூட, அணையைக் கட்டங்களாகப் பிரித்து (மெஷ்) எண்மாதிரி போடும் ஃபிளாக், பிளாக்சிஸ் மென்பொருள் என்று ஓடுவது வீண்செலவு என்பது என் கட்சி. எடையில் ஒரு பங்கைக் (அதுதான் கெழு) கிடைவிசையாக வைத்து, மோசமான நழுவு வட்டத்தைத் தேடி, பாதுகாப்புக் காரணியை (தாங்கும் வலிமைக்கும் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதம்) பார்க்கிற போலிநிலை முறை ஒரே நாளில் முடியும். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். எண்மாதிரி வண்ணப்படத்தை யார் சரிபார்ப்பது?

துளைநீர்:
சரிபார்த்த கணக்குதான் கலிபோர்னியாவின் லோயர் சான் பெர்னாண்டோ அணைக்கும் இருந்தது. 1966 ஆய்வில் கெழு 0.15, காரணி 1.3. 1971 பிப்ரவரி 9 நிலநடுக்கத்தில் நீர்ப்பக்கச் சரிவு அணை உச்சியையும் இழுத்துக்கொண்டு தேக்கத்துக்குள் இறங்கிவிட்டது. தண்ணீருக்கு மேல் மிஞ்சிய கரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், அதுவும் வெடிப்பு விட்ட மண். கீழே குடியிருந்த 80,000 பேரை வெளியேற்றினார்கள்.

கரைமேடு:
எண் தப்பு, முறை தப்பில்லை. அங்கே உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 0.55 அளவுக்கு இருந்தது. ஹைன்ஸ்-கிரிஃபினும் ஃபிராங்க்ளினும் 1984-இல் தந்த விதி என்ன? உச்ச முடுக்கத்தில் பாதியைக் கெழுவாக வை, மண் வலிமையில் 20 விழுக்காடு குறை, காரணி 1-ஐத் தாண்டினால் நகர்வு ஒரு மீட்டருக்குள் நிற்கும். அதன்படி கெழு 0.28. அணை காகிதத்திலேயே தோற்றிருக்கும்.

துளைநீர்:
தோற்றிருக்கும், ஆனால் சம்பந்தமில்லாத காரணத்துக்காக. உச்சியில் இருந்த அதிர்வுப் பதிவை வைத்துப் பார்த்தால், பெருஞ்சரிவு நடந்தது அதிர்வு ஓய்ந்து சுமார் அரை நிமிடம் கழித்து. அப்போது கிடைவிசை பூஜ்யம். அது சேற்றுநீராகக் குழாயில் கொண்டுவந்து படியவிட்ட தளர்ந்த மணல். குலுக்கலில் துகள்களுக்கு இடையிலுள்ள துளைநீரின் அழுத்தம் ஏறி வலிமை போனது (மண் திரவமாவது என்பது இதுதான்), மிச்ச வேலையை அணையின் சொந்த எடையே செய்தது. எந்தக் கெழுவும் இதைப் பிடிக்காது. நீங்கள் காட்டும் விதியே திரவமாகும் மண்ணுக்கு இல்லை. சரியும் மண்ணை ஒரு கட்டையாக வைக்கும் நியூமார்க்கின் 1965 நழுவு கட்டை முறைக்கும் இதே வரம்புதான்: குலுக்கலில் வலிமை குறையாது என்று வைத்துத்தான் நகர்வைக் கூட்டுகிறது.

எண்ணடி:
அதிர்வு ஓய்ந்த பிறகு சரிந்தது என்றால் அதற்கு நொடிக்கு நொடி குலுக்கிப் பார்க்கும் நேரக்கணக்கு எதற்கு? எஸ்பிடி எண்ணை (துளைக்குள் குழாயை இறக்க எத்தனை முறை சம்மட்டியால் அடிக்க வேண்டும் என்பதை) மேற்சுமைக்கும் நுண்துகளுக்கும் திருத்துங்கள். திரவமாகும் அடுக்குக்கு எச்ச வலிமை (திரவமான பிறகும் மிஞ்சுவது) கொடுங்கள், கெழுவைப் பூஜ்யமாக்கி அதே பழைய எல்லைச் சமநிலையை, அதாவது நழுவு வட்டக் கணக்கை, ஓட்டுங்கள். சான் பெர்னாண்டோவில் திருத்திய எண் 12-ஐ ஒட்டி. பின்கணிப்பில் வந்த எச்ச வலிமை 20 கிலோபாஸ்கல் அளவு. காரணி 1-க்குக் கீழே வந்தால் அணை ஓடும். மெஷ்ஷே வேண்டாம்.

துளைநீர்:
0.7 வந்தால் சரி, வேலை முடிந்தது. 1.1 வந்தால்? பக்கத்திலேயே இருந்த அப்பர் சான் பெர்னாண்டோ அணை அதே குலுக்கலில் உச்சியில் ஒன்றரை மீட்டர் கீழ்ப்பக்கம் நகர்ந்து, 0.9 மீட்டர் தாழ்ந்து, உடையாமல் நின்றது. நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு கரை மிஞ்சும், மண்ணுக்குள் கல்தூண் போட்டு இறுக்க வேண்டிய பட்டை 10 மீட்டரா 25 மீட்டரா, இதற்கெல்லாம் உங்கள் காரணி பதில் சொல்லாது.

கரைமேடு:
உங்கள் மாதிரி மட்டும் சொல்லிவிடுமா? 1990-களில் திரவமாதல் கணிப்புகளைச் சோதித்த வெலாக்ஸ் திட்டத்தில் மையவிலக்குச் சோதனைக்கு (சிறு மாதிரியை வேகமாகச் சுழற்றிக் குலுக்குவது) முன்பே கணித்துத் தரச் சொன்னார்கள். ஆளுக்கொரு விடை.

துளைநீர்:
சிதறியது உண்மை. தவறு நுழையும் இடங்கள் தெரிந்தவைதான், அறிக்கையில் நான் முதலில் தேடுவதும் அவற்றைத்தான்.

மெஷ்: கட்டத்தின் உயரம் அலைநீளத்தில் பத்தில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். வெட்டலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைக்கும் அலை) வேகம் நொடிக்கு 150 மீட்டர், கடத்த வேண்டியது 15 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மீட்டர் கட்டம். 3 மீட்டர் போட்டால் உயர் அதிர்வெண்ணை மெஷ்ஷே விழுங்கிவிடும், அணை பத்திரமாக இருப்பதுபோல் தெரியும்.

அடித்தளம்: வெளியேறும் அலையை விழுங்கும் அமைதி எல்லை வைத்துவிட்டு அதே முனைகளில் முடுக்கத்தையும் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லை செத்துப்போகும், கீழிறங்கும் அலை திரும்பி வரும். அங்கே தகைவாகத்தான் கொடுக்க வேண்டும்: 2 × அடர்த்தி × வெட்டலை வேகம் × மேலேறும் அலையின் திசைவேகம். வெளித்தெரியும் பாறையின் பதிவு என்றால் மேலேறுவது அதில் பாதி. அந்தப் பாதியை மறந்தால் குலுக்கல் இரட்டிப்பாகும்.

டேம்பிங்: மண் மாதிரியே சுழற்சியில் ஆற்றலைத் தின்னும்போது அதற்கு மேல் தனியாகச் சேர்க்கும் ரேலே டேம்பிங் (அதிர்வுத் தணிப்பு) 0.5 முதல் 2 விழுக்காடு போதும். 5 போட்டால் நகர்வை நீங்களே அமுக்குகிறீர்கள்.

அளவுரு: திரவமாகும் மணலுக்கான பிஎம்4சாண்ட் மண் மாதிரியில் முதன்மையானவை மூன்றே. சார் அடர்த்தி, வெட்டு விறைப்புக் கெழு, சுருங்குவீதக் கெழு. மூன்றாவதை, மெஷ்ஷில் ஒரே கட்டத்தை மட்டும் குலுக்கும் ஒற்றைக்கட்டச் சோதனையில் மாற்றி மாற்றி, எஸ்பிடி வரைபடம் தரும் எதிர்ப்பு விகிதத்தில் (மண் தாங்கும் சுழற்சித் தகைவுக்கும் மேற்சுமைக்கும் உள்ள விகிதம்) 15 சுற்றில் திரவமாகும்படி பொருத்த வேண்டும். அந்த ஒற்றைக்கட்ட வரைபடம் பின்னிணைப்பில் இல்லையா, அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

எண்ணடி:
நல்ல பட்டியல். ஆனால் மணலுக்கு மேல் மெல்லிய களிமண் படலம் இருந்தால் மேலேறும் நீர் அதனடியில் தேங்கி, அங்கே மணல் இன்னும் தளர்கிறது. வலிமை போவது சில சென்டிமீட்டர் தடிப்பில். ஒரு மீட்டர் கட்டத்தில் அது எப்படித் தெரியும்? அதனால் உங்கள் ஓட்டத்தின் முடிவிலும் எச்ச வலிமையைக் கையால் செருகி, புவியீர்ப்பில் மட்டும் நிற்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

துளைநீர்:
செருகுகிறோம். குலுக்கல் முடிந்ததும் அடுத்த கட்டமே அதுதான்.

கரைமேடு:
நம் பக்கத்துச் சிறிய அணைகளில் பாதி நாள் தண்ணீரே இல்லை. அவற்றுக்குமா?

எண்ணடி:
2001 புஜ் நிலநடுக்கத்தில் கச்சின் சாங் அணையிலும் தண்ணீர் மிகக் குறைவு. உயரம் 15 மீட்டரை ஒட்டித்தான். அடித்தள வண்டலில் ஈரம் நிறைந்திருந்தது, அணை அமிழ்ந்து சிதைந்தது. தேக்கம் காலி என்பது நிலத்தடி நீர்மட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

கரைமேடு:
சரி, அடித்தளம் பாறையோ இறுகிய களிமண்ணோ என்றால் என் முறையே போதும் என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எண்ணடி:
அதை யார் மறுத்தார்? ஆனால் இறுகிய களிமண் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஒன்றரை மீட்டருக்கு ஒரு எஸ்பிடி எடுத்தால் நடுவில் 30 சென்டிமீட்டர் மணலடுக்கு கண்ணில் படாது. எஸ்பிடி துளைகளுக்கு இடையே இறங்க இறங்கத் தொடர்ச்சியாக அளக்கும் சிபிடி கூம்பை இறக்கச் சொல்லுங்கள், எந்த முறை வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.