நான்கு மாத ஊதியம் நிலுவை: அணியின் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கலாமா?

அடிவாரம்23:
வணக்கம். சேலம் கோரிமேட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு தனியார் சாலைப் பந்தய அணியுடன் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டேன். மாதம் 22,000 ரூபாய் ஊதியம், பந்தயங்களுக்கான பயணச் செலவு, ஓட்டுவதற்கு அணிக்குச் சொந்தமான ஒரு கார்பன் சைக்கிள் ஆகியவை பேச்சு. முதல் ஐந்து மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. முதன்மை ஸ்பான்சர் விலகிவிட்டார் என்ற செய்திக்குப் பிறகு கடந்த நான்கு மாதங்களாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. கேட்கும்போதெல்லாம், "ஸ்பான்சர் பணம் வந்தவுடன் முதலில் உனக்குத்தான் தம்பி" என்று மேலாளர் குரல்பதிவு அனுப்புகிறார்.

இப்போது சைக்கிளை மட்டும் உடனே திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வாரத்தில் நான்கு நாள் ஏறி இறங்குவதால், செயினையும் பிரேக் கட்டைகளையும் இரண்டு முறை என் கைக்காசில் மாற்றியிருக்கிறேன். பாக்கி 88,000 ரூபாய் வரும்வரை சைக்கிளைக் கொடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? ஸ்பான்சரே போய்விட்டபோது அணியிடம் பணம் கேட்பது நியாயம்தானா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

பழைய சக்கரம்:
தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். முதலாவதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கிரிக்கெட் அணிக்கு ஸ்பான்சர் போனாலும் ஒளிபரப்பு வருமானத்தில் பங்கு உண்டு, மைதானத்தில் டிக்கெட் விற்பனையும் உண்டு. சாலைப் பந்தயத்தை மக்கள் தெருவோரம் நின்று இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒளிபரப்புப் பணமோ பெரும்பாலும் பந்தயத்தை நடத்துபவருக்கே போகிறது. அதனால்தான் உலகின் பெரிய அணிகள்கூடத் தங்கள் பெயரையே ஸ்பான்சருக்கு விற்றுப் பிழைக்கின்றன. அந்தக் காலத்தில் வெற்றிகளைக் குவித்த எச்.டி.சி-ஹைரோடு அணி, புதிய ஸ்பான்சர் கிடைக்காமல் 2011-ஆம் ஆண்டின் முடிவில் மூடப்பட்டது. பி அண்ட் பி ஓட்டல்ஸ் அணி 2022 டிசம்பரில், அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தங்களை எல்லோரும் முடித்துவிட்ட நேரத்தில் கலைந்ததால், அதன் வீரர்கள் கடைசி நிமிடத்தில் வேறு இடம் தேடி அலைந்தார்கள். அந்த அணிக்குப் போவார் என்று பேசப்பட்ட மார்க் கேவண்டிஷ் அஸ்தானா அணியில் சேர்ந்தார். 2024-இல், பல நாள் பந்தயமான டூர் டி பிரான்சில் தம்முடைய 35-ஆவது கட்ட வெற்றியை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தின் வெற்றியை, பெற்றது அங்கேதான். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

அதே அஸ்தானாவில் 2009-இல் ஊதியம் நிலுவையானபோது, வீரர்கள் ஜீரோ டி இத்தாலியா பந்தயத்தில் ஸ்பான்சர்களின் பெயர்கள் மங்கலாக்கப்பட்ட சட்டையோடு ஓடினார்கள். உலக சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ. உயர்நிலை அணிகளிடம் வங்கி உத்தரவாதம் வாங்கி வைப்பதும், ஊதியம் தவறினால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், இப்படிப்பட்ட நெருக்கடிகளை முன்னிட்டுத்தான். ஸ்பான்சர் போய்விடுவார் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்திருக்க வேண்டியது அணியின் பொறுப்பு என்பதே அதன் பொருள். நம் ஊர்த் தனியார் அணிகள் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை. ஆனாலும் பொறுப்பு மாறிவிடுமா?

அஸ்தம்பட்டி வக்கீல்:
சைக்கிளைப் பிடித்து வைக்காதீர்கள். அது அணியின் சொத்து. ஊதிய பாக்கிக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை, நம்பிக்கை மோசடி என்று அவர்கள் புகார் கொடுக்க நீங்களே வழி செய்துவிடுவீர்கள். சைக்கிள் பிரேமில் பொறித்த எண் தெரியும்படி படம் எடுத்து, ஒப்படைத்ததற்குக் கையொப்பமிட்ட ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். மாற்றிய பாகங்களின் பில்களை நிலுவைத் தொகையோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் "ஸ்பான்சர் தொகை கிடைப்பதைப் பொறுத்து" என்பது போல ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அணிக்கும் ஸ்பான்சருக்கும் இடையில் நடந்தது உங்களைக் கட்டுப்படுத்தாது. அடுத்து, வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு 22,000 முழுமையாக வந்ததா, அல்லது பத்து சதவீதம் பிடித்து 19,800 வந்ததா? பிடித்தம் செய்திருந்தால், பணம் வராத மாதங்களுக்கும் உங்கள் பான் எண்ணில் வரி காட்டியிருக்கிறார்களா என்பது முக்கியம். தொகையைக் கணக்கில் வரவு வைத்தாலே வரி பிடிக்க வேண்டும் என்பதால், அப்படி ஒரு பதிவு இருந்தால், அந்தப் பணம் உங்களுக்குச் சேர வேண்டியது என்று அணியே தன் கணக்கில் ஒப்புக்கொண்டது போலாகும். குரல்பதிவுகளை அழிக்க வேண்டாம். வக்கீல் நோட்டீஸுக்கும் பிறகு வழக்குக்கும் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. செலவு இடித்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
நான் ஸ்பான்சர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணியின் சட்டைக் கையில் எங்கள் பட்டறையின் பெயரைப் போடுவதற்காக ஒன்றரை லட்சம் கொடுத்தேன். பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அச்சடித்தார்கள், அது போகட்டும். அந்தப் பருவம் முடிந்த பிறகுதான், ஓட்டிய பையன்களுக்கு அதில் ஒன்றும் போகவில்லை என்று தெரிந்தது. மறு ஆண்டு நான் கொடுக்கவில்லை. இப்போது யாரோ ஒரு மேலாளர், "ஸ்பான்சர் ஏமாற்றிவிட்டார்" என்று என்னைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் தொழிலில் வெளியூர் வியாபாரியின் பணம் மூன்று மாதம் இழுக்கும். அதற்காகக் கொலுசுக்குப் பற்றவைப்பவரின் சனிக்கிழமைக் கூலியை நிறுத்தினால், திங்கட்கிழமை பட்டறையில் ஆள் இருக்காது. வீட்டில் கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி.

அடிவாரம்23:
எல்லோருக்கும் நன்றி. அப்படி ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லை. மாதம் 19,800 ரூபாய்தான் வந்தது. அதன் காரணம் இதுவரை எனக்குத் தெரியாது. 26ஏஎஸ் படிவத்தில், பணம் வராத மாதங்களில் இரண்டுக்கு 2,200 ரூபாய் வீதம் வரி பிடித்ததாக இருக்கிறது. வக்கீல் ஐயா, மீதி இரண்டு மாதங்களுக்குப் பதிவு இல்லாதது என் கோரிக்கையைப் பலவீனமாக்குமா? சைக்கிளை நாளை காலை துடைத்துப் படம் எடுத்துவிடுகிறேன்.

அஸ்தம்பட்டி வக்கீல்:
ஆக்காது. அந்த இரண்டு மாதங்களுக்கு உங்கள் ஒப்பந்தமும், நீங்கள் ஓடிய பந்தயங்களின் முடிவுப் பட்டியல்களும் சான்றாகும். நோட்டீஸில் நான்கு மாதங்களையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.